பதினோரு மாசம் படுத்திருந்த சீனியம்மா

ரொம்ப காலத்துக்கு முன்னாடி, ஆத்துக்கு இந்தக் கரையில ஒரு ஊரு இருந்துச்சாம். அங்க சீனியம்மான்னு ஒருத்தி. புருசன் செத்துப் போயிட்டான். மகன் சன்னாசி கூட இருந்தா. மக பூவாயிய ஆத்துக்கு அந்தப் பக்கம், மூணு நாள் நடைத் தூரத்துல கட்டிக் குடுத்திருந்தா.

ஒரு நாளு கெணத்துப் படியில வழுக்கி விழுந்துட்டா. வைத்தியர் வந்து, "இடுப்புல அடி. மூணு மாசம் படுத்திருக்கட்டும், பெறகு மெதுவா நடக்க விடுங்க"ன்னாராம். மூணு மாசமும் போச்சு. ஆனா அந்த ஊரு ராசா, படுக்கையில கெடக்குற பெரியவுக வீட்டுக்கு மாசம் ஒரு மூட்டை நெல்லு குடுத்துக்கிட்டிருந்தாரு. சன்னாசிக்கு அந்த நெல்லு ருசிச்சுப் போச்சு. அவ எந்திரிச்சா, "வேணாம்மா, விழுந்துருவ"ன்னான். கால ஊனுனா, "வேணாம்மா, எலும்பு நொறுங்கிரும்"ன்னான். சுவத்தப் பிடிச்சா, "என் மேல சத்தியம், படும்மா"ன்னான். மகன் பாசத்துல சொல்றான்னு அவளும் படுத்தா, படுத்துப் படுத்துக் காலு ரெண்டும் சூம்பிப் போச்சு.

ஏழாம் மாசம் பூவாயி ஊருல இருந்து வளையல்காரர் வந்தாரு. வாசல்ல நின்னு, "சன்னாசி, உன் தங்கச்சிக்கு அஞ்சு மாசம்ப்பா. ஒடம்பு முடியல. பேறுகாலத்துக்கு அம்மா பக்கத்துல இருக்கணும்னு அழுவுறா"ன்னாரு.

"அம்மா இனிமே எந்திரிக்காதுன்னு சொல்லிருங்க"ன்னு அனுப்பிட்டான் அவன்.

உள்ள கெடந்தவ காதுல அம்புட்டும் விழுந்துச்சு. "ஏலே, வண்டி கட்டி என்னைய அங்க விட்டுருடா"ன்னா.

"வண்டி குலுங்குனா செத்துருவம்மா."

அவ சுவத்துப் பக்கம் திரும்பி அழுதா. அந்த வீட்டுல ஒரு நொண்டி நாய் கெடந்துச்சு, குதிரை மிதிச்ச நாய். அது கட்டிலுக்குக் கீழ வந்து, "ஆத்தா, எனக்கு மட்டும் யாரு வண்டி கட்டுனா? ஒரு நாளு நின்னேன், மறுநாளு விழுந்தேன், அதுக்கு மறுநாளும் நின்னேன். வலிச்சா உக்காந்துக்க. நாளைக்கும் எந்திரி"ன்னுச்சாம். நாய் பேசுமான்னு கேக்காத, அன்னைக்குப் பேசுச்சு.

சன்னாசி காட்டுக்குப் போனதும் அவ ஆரம்பிச்சா. மொத மாசம், கட்டில்ல உக்காந்து, ஒரு கை மண்ணத் துணியில முடிஞ்சு கணுக்கால்ல கட்டிக்கிட்டு, கால நீட்டுவா, மடக்குவா. ரெண்டாம் மாசம், ரெண்டு கை மண்ணு. கட்டில் காலப் பிடிச்சு மூணு தடவ எந்திரிச்சு உக்காந்தா. மூணாம் மாசம், மூணு கை மண்ணு. சுவத்த விட்டுட்டு வாசல் வரைக்கும் போயி, அங்க நின்னு வெயிலப் பாத்து அழுதாளாம். நாலாம் மாசம், தண்ணிக் கொடத்த இடுப்புல வச்சு நடந்து பாத்தா. நடந்துட்டா.

அன்னைக்கே கெளம்பிட்டா. கம்ப ஊனி, நாலு எட்டு நடந்து ஒரு நிமிசம் உக்காந்து, மறுபடி நடந்து, மூணு நாள் நடை அவளுக்கு ஒம்போது நாளாச்சு.

மருமகன் வாசல்ல உக்காந்திருந்தான். மடியில ஒரு பச்சப் புள்ள. எந்திரிச்சு நின்னு, "அத்தே, நீங்களா?"ன்னான். "பூவாயி எங்க"ன்னு கேட்டா. அவன் புள்ளய நெஞ்சோட அணைச்சுக்கிட்டான். பெறகு, "புள்ளயப் பெத்துட்டு அவ போயி ஆறு நாளாச்சு அத்தே. கடைசி வரைக்கும் 'அம்மா வந்துருச்சா, அம்மா வந்துருச்சா'ன்னு வாசலத்தான் பாத்தா"ன்னான். அவ அங்கனயே உக்காந்துட்டா. அழுகக்கூட வரல. புள்ள பசியில கத்துச்சு. அந்தச் சத்தத்துக்குத்தான் எந்திரிச்சா, எந்திரிச்சு அதத் தூக்கித் தோள்ல போட்டுக்கிட்டா.

இங்க சன்னாசி என்ன பண்ணான்? கட்டில்ல வைக்கோலச் சுருட்டி வச்சு, போர்வையப் போத்தி, நெல்லு வாங்கிக்கிட்டிருந்தான். ஒரு நாளு ராசாவே நலம் விசாரிக்க வந்துட்டாரு. "அம்மா தூங்குது"ன்னான். ராசா போர்வைய வெலக்குனா வைக்கோலு! ஊரக் கூட்டி விசாரிச்சாரு, எல்லாம் வெளிய வந்துருச்சு.

"எம்புட்டு மாசம் படுக்க வச்ச?"

"பதினோரு மாசம், மகாராசா."

"நீயும் பதினோரு மாசம் கட்டில விட்டு எறங்கக் கூடாது"ன்னு வாசல்ல காவல் போட்டாரு. பதினோரு மாசம் கழிச்சுக் காவலு போச்சு, அவனால நிக்க முடியல. "அம்மாவக் கூட்டியாங்க"ன்னு ஆளு விட்டான்.

பெத்த வயிறாச்சே, வந்தா. பேத்திய இடுப்புல வச்சுக்கிட்டு, ஆத்தக் கடந்து நடந்தே வந்தா. அவன் அவ காலப் பிடிச்சு, "அம்மா, எனக்கு எந்திரிக்க வழி சொல்லு"ன்னு அழுதான்.

"சொல்றேண்டா. நீ எந்திரிக்க வழி எனக்குத் தெரியும். உன் தங்கச்சி எந்திரிக்க எனக்கு யாருடா வழி சொல்லுவா?"ன்னாளாம்.

சொல்லிக் குடுத்துட்டு, அன்னைக்கே பேத்தியத் தூக்கிக்கிட்டுத் திரும்பி நடந்துட்டா. அவன் ஒவ்வொரு தடவையா எந்திரிச்சு உக்காந்து பாத்துக்கிட்டே இருந்தான்.

அம்புட்டுதாண்டி கதை. பெரியவுக எந்திரிக்கப் போனா கையக் குடுங்க. அமுக்கிப் படுக்க வைக்காதீக.