மஞ்சள் துணி கட்டிய ஜாடி

வாய் உண்டு, பேசாது; ஆனாலும் பொய் சொல்லும். அது என்ன? யோசித்துக்கொண்டே கேளுங்கள்.

முன்னொரு காலத்தில் வேங்கைநாட்டைக் கீர்த்திவாகு என்ற அரசன் ஆண்டான். நினைத்ததை நினைத்த நேரத்தில் செய்கிறவன். அவன் அரண்மனையில் தேன் ஜாடிக்கு மஞ்சள் துணியும் எலிப் பாஷாணம் கலந்த பாகுக்குக் கறுப்புத் துணியும் கட்டுவது வழக்கம்.

"கறுப்பு என் கண்ணுக்கு ஆகவில்லை. எல்லாவற்றுக்கும் மஞ்சளே கட்டுங்கள்" என்றான் அரசன். கட்டினார்கள்.

மறுவாரமே ஐந்து வயது இளவரசி கோதை, தேன் என்று நினைத்துப் பாஷாண ஜாடிக்குள் விரலை விட்டாள். விரல் வாய்க்குப் போகுமுன் தாதி செங்கமலம் பாய்ந்து பிடித்துக் கையைக் கழுவிவிட்டாள்.

அவை கூடியது. தாதியை வேலைக்கு வைத்தவர் அமைச்சர் தத்தனார். அவரைக் கண்டாலே தளபதி உக்கிரசிங்கருக்கு வயிறு எரியும்.

"இவளை நாடு கடத்துங்கள், அரசே. தேனுக்கும் நஞ்சுக்கும் வித்தியாசம் சொல்லிக்கொடுக்கத் தெரியாதவள். அமைச்சர் பொறுக்கிய ஆள் வேறு எப்படி இருப்பாள்?" என்றார் தளபதி.

அரசன் தலையாட்டினான். செங்கமலம் அழுதுகொண்டு நின்றாள்.

"தளபதியாரே, அந்த வித்தியாசம் உங்களுக்குத் தெரியுமா?" என்றார் தத்தனார்.

"பார்த்த மாத்திரத்தில் சொல்வேன்."

தத்தனார் மஞ்சள் துணி கட்டிய இரண்டு ஜாடிகளை வரவழைத்தார். "தேனைக் கண்டுபிடித்து ஒரு கரண்டி குடியுங்கள். அவளை இன்றே அனுப்பிவிடலாம்."

உக்கிரசிங்கர் எட்டிப் பார்த்தார், மோந்தார், குலுக்கினார். மீசை வியர்த்தது. "இப்போதுதான் வயிறு முட்டச் சாப்பிட்டேன்" என்றார். அவை சிரித்தது.

தத்தனார் இரண்டிலும் விரலைத் தோய்த்து நக்கினார். "இரண்டும் தேன்தான். பிள்ளை நடமாடும் இடத்துக்கு நான் நஞ்சைக் கொண்டுவருவேனா? போர்க்களம் கண்ட கண்ணுக்கே தெரியவில்லை. ஐந்து வயதுக் கண் துணியைத்தானே நம்பும்?"

துணியை மாற்றியது யார் என்று அவர் சொல்லவில்லை. அரசனுக்கு வெட்கம் தாங்கவில்லை. யாருடைய கண்ணையும் பார்க்க முடியாமல் இறங்கிவந்து தாதியின் முன் நின்றான்.

"தப்பு என்னுடையது. பழி உன்மேல் விழுந்தபோது தலையாட்டினேனே. பொறுத்துக்கொள், அம்மா."

தன் முத்துமாலையை அவளுக்குக் கொடுத்தான். நஞ்சு ஜாடிகளுக்கெல்லாம் கறுப்புத் துணி கட்டி, உயரத்தில் வைத்துப் பூட்டும் வேலை உக்கிரசிங்கருக்குக் கிடைத்தது.

பிறகு அரசன் ஒரு கிண்ணத்தில் தேன் ஊற்றி மகளிடம் நீட்டினான். "தேன்தான் கண்ணே, சாப்பிடு."

கோதை கிண்ணத்தை வாங்கினாள். வாயில் வைக்கவில்லை. செங்கமலத்திடம் கொண்டுபோய், "இதைச் சாப்பிடலாமா?" என்று கேட்டாள்.