பாதிக் கூடு

அந்தக் காலத்தில், பறவைகளும் வாய் திறந்து பேசி, நல்லது கெட்டதுக்கு ஒன்றையொன்று அழைத்துக்கொண்டிருந்தபோது, தூக்கணாங்குருவிகளிடம் ஒரு கட்டுப்பாடு இருந்தது. ஆண்குருவி கூட்டைக் கட்டி முடித்து, ஊரைக் கூட்டிக் குடிபுகும் நாள் வரை பெட்டை அந்தப் பக்கம் தலைகாட்டக் கூடாது. பார்த்தால் ஆகாது என்பார்கள். யாருக்கு ஆகாது என்று ஒருவரும் கேட்டதில்லை.

சடையன் என்ற குருவிக்குத் தன் வேலையில் தனிப் பெருமை. கிணற்றின்மேல் சாய்ந்திருந்த கருவேல மரத்தில் பதினெட்டு நாள் பாடுபட்டு ஒரு கூடு கட்டினான். சோளத்தோகையைக் கிழித்து, ஒரு நார்கூடப் பிசிறாமல் பின்னி, வாசலை முழ நீளத்துக்குக் கீழே இறக்கியிருந்தான். போகிற வருகிறவர்களையெல்லாம் நிறுத்திக் காட்டினான். சிறப்பு என்றது மைனா. வெறும் சிறப்பு இல்லை, தலைசிறந்தது என்று திருத்தியது செம்போத்து. இதற்கு மேல் ஒன்று இருக்கவே முடியாது என்று கொண்டலாத்தி முடித்துவைத்தது. சடையன் அன்று சாப்பிடவே மறந்துபோனான்.

குடிபுகும் நாளில் அவன் மனைவி பூவாத்தா உள்ளே போனாள். முட்டையிட இன்னும் பத்தே நாள். அதற்குள் மழையும் பிடித்துவிடும். கிளை நிறைய விருந்தாளிகள் காத்திருக்க, போன வேகத்தில் வெளியே வந்தாள்.

“முட்டை நிக்காதுங்க,” என்றாள் மெதுவாக. “அடியில ஆழமே இல்ல. காத்தடிச்சா அத்தனையும் வாசல் வழியா கெணத்துக்குள்ளதான் போகும்.”

சடையனுக்குச் சுருக்கென்றது. இத்தனை பேர் முன்னால் சொல்ல வேண்டுமா என்று இருந்தது. “ஊரே மெச்சின கூடு இது,” என்றான்.

“ஊரா உள்ள உக்காந்து அடை காக்கப் போகுது?”

கோபத்தோடு தானே உள்ளே நுழைந்தான். கட்டிய நாள் முதல் அவன் அதற்குள் உட்கார்ந்து பார்த்ததே இல்லை. வெளியே நின்று ரசிக்கவே நேரம் போதவில்லை. மேல்காற்று ஒரு வீச்சு வீசியது. கூடு சாய, வழவழப்பான அடியில் சறுக்கி, தன் அழகான வாசல் வழியே தலைகுப்புற வெளியே வந்தான். தண்ணீரைத் தொடுமுன் சிறகை விரித்துக்கொண்டதால் பிழைத்தான். மைனா சிரித்தது. அது அவன் காதில் ஏறவில்லை. முட்டைக்குச் சிறகில்லையே என்று நினைத்துப் பயந்துபோயிருந்தான்.

மேலே ஏறி, எல்லாரும் பார்த்திருக்க, கூட்டின் காம்பைத் தானே கொத்தி அறுத்தான். பதினெட்டு நாள் உழைப்பு கிணற்றில் மிதந்தது. விருந்தாளிகள் தலையில் அடித்துக்கொண்டு கலைந்தார்கள்.

மறுநாளே புது நார் எடுத்தான். மேல்பாதி முடிந்ததும் அலகு நின்றுவிட்டது. மீதியைத் தன் இஷ்டத்துக்குக் கட்ட அவனுக்குத் தைரியம் வரவில்லை. கட்டுப்பாடாவது ஒன்றாவது என்று சிறகடித்து மனைவியைக் கூப்பிட்டான்.

பூவாத்தா பாதிக் கூட்டின் அடியில் பாலம்போல் ஓடிய குறுக்கு நாரில் உட்கார்ந்து ஆடிப் பார்த்தாள். முட்டை கிடக்கும் குழியை முந்தியதைவிட ஆழமாக இறக்கச் சொன்னாள். காற்றில் ஆடாமலிருக்க உள்ளே கொஞ்சம் களிமண் அப்பச் சொன்னாள். அப்படியே செய்தான். பார்வைக்கு முந்தியதைவிட ஒரு மாற்றுக் குறைவுதான்.

பத்தாம் நாள் பூவாத்தா முட்டையிடத் தொடங்கினாள். மூன்றாவது முட்டையும் வந்த அன்று மழை சாய்த்து அடித்தது. மூன்று முட்டைகளும் அசையாமல் கிடந்தன. அவற்றின்மேல் உட்கார்ந்தபடி, “நல்லாக் கட்டியிருக்கீங்க,” என்றாள் பூவாத்தா. அவனுக்கு மனம் நிறைந்துவிட்டது.

அன்று முதல்தான் தூக்கணாங்குருவி பாதிக் கூட்டோடு நிறுத்திப் பெட்டையைக் கூப்பிடுகிறது. அவள் சரியென்றால்தான் மீதி. கிணற்றோரம் பாதியில் விட்ட கூடு தொங்கினால், கட்டியவன் சோம்பேறி என்று நினைத்துவிடாதீர்கள். ஒருத்தி வந்து உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறாள்.