யானை மேல் போன வெறுங்கிரீடம்

எந்த ஊர், எந்தக் காலம் என்று குடையாதீர்கள். நெல்லிக்கோட்டையில் ஒரு ராஜா இருந்தார். அவர் சபையில் சுவரளவு டி.வி.யும் இருந்தது. இரண்டும் ஒரே காலத்தில் எப்படி என்று கேட்பவர்கள் தாராளமாக எழுந்து போகலாம். மற்றவர்கள் கேளுங்கள்.

ராஜா கெம்பீர வளவன் முடிசூடி இருபத்தைந்து வருஷம். வெள்ளிவிழாவுக்கு யானை மேல் ஊர்வலம் போனார். அதைப் படம் பிடித்தவள் அரண்மனை ஒளிப்பதிவாளர் செண்பகவல்லி. கெட்டிக்காரப் பெண். எச்.டி.ஆர். என்கிற புது முறையில் எடுத்து, இணையத்தில் ஏற்றிவிட்டாள். ஊரே செல்போனில் பார்த்து வாயைப் பிளந்தது.

மறுநாள் மத்தியானம், சபையில் பெரிய டி.வி.யில் ராஜா பார்க்க உட்கார்ந்தார். ஐயோ, படம் மங்கல்!

"என்னய்யா இது, என் முகம் சரியாகத் தெரியவில்லையே?" என்றார்.

மந்திரி மகிபாலர் குதித்து எழுந்தார். "ஜன்னல் வெளிச்சம் கண்ணைக் கூசுகிறது மன்னா! யாரங்கே, திரையை இழுத்து மூடுங்கள்!"

ஒரு திரை மூடினார்கள். படம் இன்னும் இருண்டது. இன்னொன்றையும் மூடினார்கள். இன்னும் இருண்டது. எல்லாத் திரையையும் மூடி, வாசல் கதவையும் சாத்தினார்கள். டி.வி.யில் ஏறக்குறைய கும்மிருட்டு.

"இது திட்டமிட்ட இருட்டடிப்பு மன்னா!" என்று கத்தினார் மந்திரி. "தங்கள் திருமுகத்தை வேண்டுமென்றே மறைத்திருக்கிறாள். ராஜத் துரோகம்!"

மந்திரியின் மைத்துனன் ஒருவன் கேமராவும் கையுமாக வேலையில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தான் என்பதை இங்கே சும்மா சொல்லி வைக்கிறேன்.

செண்பகவல்லி தன் போனை நீட்டினாள். "சத்தியமா இல்லீங்க மன்னா! என் போன்ல பாருங்க, முகம் பளிச்சுனு தெரியுது."

"ராஜாவின் முகத்தை உள்ளங்கைக்குள் பார்ப்பதா? என்ன திமிர்!" என்றார் மந்திரி.

ராஜாவுக்குக் கோபம் தலைக்கேறியது. "என்னை இருட்டில் வைத்தவள் ஒரு வருஷம் பாதாளச் சிறையின் இருட்டில் இருக்கட்டும்!" என்றார். செண்பகவல்லி அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள்.

அப்போதுதான் கதவைத் தள்ளிக்கொண்டு சபைக்குள் வந்தான் தாணப்பன். அரசவை விகடன். சாப்பாட்டை முடிக்காமல் எந்தப் பஞ்சாயத்துக்கும் வராதவன். ஏப்பம் விட்டுக்கொண்டே விஷயத்தைக் கேட்டான்.

"மன்னா, ஒரு நாழிகை கொடுங்கள். படத்தை நான் வெளிச்சமாக்குகிறேன். ஆக்கிவிட்டால் இவளை விடுவீர்களா?"

மந்திரி முந்திக்கொண்டார். "செய்யட்டும் மன்னா! ஆனால் டி.வி.யைத் தொடக்கூடாது. ரிமோட்டைத் தொடக்கூடாது. படத்தில் ஒரு காட்சிகூட மாறக்கூடாது."

"அப்படியே ஆகட்டும்" என்றார் ராஜா.

தாணப்பன் தலையைச் சொறிந்தான். டி.வி.யின் அடிவிளிம்பைக் குனிந்து பார்த்தான். பிறகு கேட்டான்: "மன்னா, திரைகளை மூடுவதற்கு முன்னால் திருமுகம் கொஞ்சமாவது தெரிந்ததா?"

"மூக்கு வரைக்கும் தெரிந்தது."

"ஒரு திரை மூடியதும்?"

"நெற்றி வரைக்கும்."

"இப்போது?"

"கிரீடம் மட்டும் தனியாக யானை மேல் போகிறதய்யா!"

"பேஷ்! யாராவது ஒரு டார்ச் லைட் கொடுங்கள்."

காவல்காரன் ஒருவன் கொடுத்தான். தாணப்பன் பத்தடி தள்ளி நின்று, டி.வி.யின் அடிவிளிம்பில் வெளிச்சத்தை அடித்தான். அவ்வளவுதான்! படம் மெல்ல மெல்ல விடிந்தது. கிரீடத்துக்குக் கீழே நெற்றி வந்தது, மூக்கு வந்தது, மீசை வந்தது, ராஜாவின் அசல் சிரிப்பும் வந்தது. சபை கைதட்டியது.

"மோசடி!" என்றார் மந்திரி.

"தொடக்கூடாது என்றீர்கள், தொடவில்லை. டார்ச் அடிக்கக்கூடாது என்று சொல்லவே இல்லையே!"

ராஜா ஆசனத்தை விட்டு இறங்கி வந்தார். "அங்கே என்னதான்யா இருக்கிறது?"

"ஒரு குட்டிக் கண் மன்னா. சென்சார் என்பார்கள். சபையில் வெளிச்சம் எவ்வளவு என்று பார்த்துக்கொண்டே இருக்கும். சபை இருண்டால் தானும் மங்கிக்கொள்ளும், கரண்டு மிச்சமாம். சாதாரணப் படம் அதைத் தாங்கும். எச்.டி.ஆர். படத்தில் நிழல் நிழலாகவே இருக்கும். அதையும் மங்க வைத்தால் மின்னுகிற கிரீடம்தான் மிஞ்சும். மந்திரியார் ஒவ்வொரு திரையாக மூட மூட, இதுவும் தன்னை அடக்கிக்கொண்டே போயிருக்கிறது."

"ஆக, தவறு இந்தப் பெண்ணுடையது இல்லை?"

"இல்லவே இல்லை."

"அதற்காக நீ தினமும் டார்ச் பிடித்துக்கொண்டு நிற்பாயா?"

"ரிமோட்டைத் தொட உத்தரவு கொடுத்தால் அந்தத் தொல்லையே இல்லை."

உத்தரவு கிடைத்தது. தாணப்பன் டி.வி.யின் செட்டிங்ஸுக்குள் போனான். சென்சாரை அணைத்தான். மின்சேமிப்பை அணைத்தான். ஒளி அளவை உச்சத்துக்குத் தள்ளினான். டார்ச்சையும் அணைத்தான். சபை இருட்டாகவே இருந்தது, ராஜாவின் முகம் மட்டும் திரையில் ஜொலித்தது.

"செண்பகவல்லி, எழுந்திரம்மா. அவசரப்பட்டுவிட்டேன். இனி அரண்மனையில் எந்தப் படமென்றாலும் நீதான் எடுக்க வேண்டும்" என்றார் ராஜா. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கும்பிட்டாள்.

ராஜாவின் முகம் மலர்ந்ததைக் கண்டதுதான் தாமதம், மந்திரியின் முகமும் மலர்ந்துவிட்டது. "நான் அப்போதே நினைத்தேன் மன்னா! இவள் தங்கமான பெண். இவளைப் போய் யாராவது சந்தேகப்படுவார்களா?"

ராஜா தாணப்பனிடம் திரும்பினார். "உனக்கு என்ன பரிசு வேண்டும், கேள்."

"பரிசெல்லாம் வேண்டாம் மன்னா. இந்த ரிமோட்டை ஒரே ஒரு தடவை மந்திரியார் பக்கம் நீட்டி அமுக்க அனுமதி வேண்டும்."

"எதற்கய்யா?"

"அவருக்குள்ளும் இதே சென்சார்தான் இருக்கிறது. அணைகிறதா என்று பார்க்கிறேன்!"

ராஜா சிரித்த சிரிப்பில் கிரீடம் கழன்று காலடியில் விழுந்தது. முகம் மட்டும் நன்றாகத் தெரிந்தது.