ஓடு கழலாத முளை

கொல்லிமலை மேல் வேலாத்தா என்று ஒருத்தி இருந்தாள். வயது முப்பத்தைந்தைத் தாண்டாது. வேரும் இலையும் கொண்டு நோய் தீர்ப்பவள். அவளைவிட இருபது வயது மூத்தவர்கள்கூடப் பாடம் கேட்க மலையேறி வருவார்கள். வந்தவர்களில் பாதிப் பேர் மறுநாளே முணுமுணுத்துக்கொண்டு இறங்கிவிடுவார்கள். கேட்ட கேள்விக்கு அவள் பதில் சொன்னதாகச் சரித்திரமே இல்லை. ஏதாவது ஒரு வேலையைக் கையில் கொடுத்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விடுவாள்.

ஓர் ஐப்பசியில் அடிவாரத்து ஊரிலிருந்து பாவாயி வந்தாள். ஐம்பத்தெட்டு வயது. முப்பது வருடமாகச் சுற்றுவட்டாரத்தில் பிள்ளைப்பேறு பார்த்த மருத்துவச்சி. வந்து உட்கார்ந்தவள், கொடுத்த தண்ணீரைக்கூடக் குடிக்காமல் கேட்டாள்.

“அம்மணி, பேறு பாக்கறப்ப எப்பக் கை வெக்கோணும், எப்ப வெக்கக் கூடாது? அது மட்டும் எனக்குத் தெரியோணுங்க.”

“முப்பது வருசம் பாத்தவங்க கேக்கற கேள்வியாக்கா இது?”

“மூணு மாசத்துக்கு முந்தி ஒரு புள்ள என் கையில போயிருச்சுங்க. அதுக்கப்புறம் நான் யாரு வீட்டு வாசலும் மிதிக்கல. இப்ப என் மக வஞ்சி நெற மாசமா இருக்கறா. என்னையத் தவிர யாரையும் கிட்டச் சேத்த மாட்டேங்கறா. எனக்கு என் கையப் பாத்தாலே பயமா இருக்குதுங்க.”

“இன்னும் எத்தனை நாளிருக்குது?”

“பதினஞ்சு நாள் இருக்குமுங்க.”

வேலாத்தா உள்ளே போனாள். ஓர் இலை மடிப்போடு திரும்பி வந்தாள். மடிப்புக்குள் ஏழு விதைகள். கொத்தமல்லி விதையைவிடச் சின்னவை, சாம்பல் நிறத்தில் மெல்லிய வரிகள்.

அது கஞ்சா விதை. பெயரைக் கேட்டதும் சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டு வாருங்கள், கதை காத்திருக்கும். அந்தச் செடியைத் தேடி அதிகாரிகள் மலையேறாத காலம் அது. வலி பொறுக்காமல் துடிக்கிறவர்களுக்கு வேலாத்தா அதில் ஒரு தைலம் காய்ச்சுவாள். அந்த வருடத்து மழையில் செடியெல்லாம் அழுகி, மிஞ்சியது இந்த ஏழுதான்.

“இத வீட்டுக்குள்ளயே மொளைக்க வெச்சுக் குடுங்கக்கா. வெளிய இந்தப் பனியில வராது.”

“நான் கேட்டதுக்குப் பதிலுங்க?”

“மண்ணு சலிச்சு, சுடுதண்ணி ஊத்தி ஆற வெச்சிருக்குது” என்று சொல்லிவிட்டு வேலாத்தா வேர் தோண்டப் போய்விட்டாள்.

பாவாயிக்கு எரிச்சலாக வந்தது. மகளுக்கு நாள் நெருங்குகிறது, இவள் கஞ்சா வளர்க்கச் சொல்கிறாள். ஆனால் வேறு போக்கிடம் இல்லை. இரவு முழுவதும் விதைகளை ஊற வைத்தாள். அடியில் துளையிட்ட ஏழு கொட்டாங்குச்சிகளில் மண்ணை நிரப்பி, ஒரு விரற்கணு ஆழத்தில்கூட வைக்காமல் மேலாக ஊன்றி, அடுப்புச் சூடு படும் மாடத்தில் வரிசையாக வைத்தாள்.

இரண்டாம் நாள் காலை அவளால் பொறுக்க முடியவில்லை. ஓரத்துக் கொட்டாங்குச்சி ஒன்றைக் கிளறிப் பார்த்தாள். விதை வாய் பிளந்து, நூல்போல ஒரு வேர் விட்டிருந்தது. சந்தோஷத்தில் அடுத்ததையும் கிளறினாள். அதன் வேர் நகத்தில் பட்டு ஒடிந்தது. முதல் விதையைத் திரும்ப மூடினாள், ஆனால் அதுவும் சாயங்காலத்துக்குள் கருத்துவிட்டது.

வேலாத்தா இரண்டையும் எடுத்துப் பார்த்தாள்.

“புள்ளத்தாச்சி வயித்தத் தெறந்து பாக்கற பழக்கம் உண்டுங்களாக்கா?”

“சிவ சிவா. இல்லீங்க.”

“நல்லது” என்றாள் வேலாத்தா.

அதன் பிறகு பாவாயி மண்ணைத் தொடவில்லை. நான்காம் நாள் விடியலில் அடுப்பு மூட்ட வந்தவள் மாடத்தின் முன்னால் அப்படியே நின்றுவிட்டாள். ஒரு கொட்டாங்குச்சியில் மண் உப்பியிருந்தது. வெடிப்புக்குள் ஒரு வெள்ளை வளைவு. அது கழுத்து. தலை இன்னும் மண்ணுக்குள் இருந்தது. தலையை உள்ளே காத்துக்கொண்டு, முதுகைக் கொடுத்து மண்ணைத் தூக்கிக்கொண்டு வந்தது அது. அதன் முதுகின் மேல் அதைவிடப் பெரிய மண்கட்டி ஒன்று ஏறி உட்கார்ந்திருந்தது.

பாவாயி எத்தனையோ பிள்ளைகளைக் கையில் வாங்கியவள். அத்தனை பேற்றிலும் யாராவது அலறினார்கள், யாராவது இடுப்பைத் தாங்கினார்கள், முக்கு முக்கு என்று யாராவது சொன்னார்கள். இங்கே ஒரு சத்தமும் இல்லை. யாரும் கூப்பிடவில்லை, யாரும் பிடித்து இழுக்கவில்லை. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மண்கட்டி ஒரு பக்கமாகச் சரிந்தது. அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. விறகை மடியில் போட்டுக்கொண்டு அங்கேயே உட்கார்ந்து கும்பிட்டாள்.

மதியத்துக்குள் இன்னும் இரண்டு வந்தன. மூன்றும் நிமிர்ந்து, விதையின் ஓட்டை உதிர்த்து, இரண்டு இரண்டு இலையை விரித்தன. வேலாத்தா அவற்றைக் கிழக்குச் சன்னலுக்கு மாற்றினாள். காலையில் பனையோலை விசிறியால் மெல்ல விசிறியும் விட்டாள்.

“செடிக்கு வேக்குதுங்களா அம்மணி?” என்று பாவாயி சிரித்தாள்.

“காத்துல ஆடுனாத்தான் தண்டு கெட்டிப்படும்.”

முதலில் வந்த முளை மேல் பாவாயிக்குத் தனிப் பாசம். போகும்போதும் வரும்போதும் அதற்கு ஒரு கை தண்ணீர். மறுநாள் காலை அது மண்ணோடு ஒட்டிய இடத்தில் இற்றுப்போய்ப் படுத்துக் கிடந்தது.

“தாகமெடுக்குதுன்னு அது சொல்லுச்சுங்களா?” என்றாள் வேலாத்தா.

“இல்லீங்க. நானா நெனச்சு ஊத்துனனுங்க.”

“கொட்டாங்குச்சியத் தூக்கிப் பாருங்கக்கா. கனமா இருந்தா வேண்டாம். லேசா இருந்தா ஊத்துங்க.”

கடைசி இரண்டும் ஆறாம் நாள் வந்தன. ஆனால் ஓட்டோடு வந்தன. தண்டு நிமிர்ந்துவிட்டது. இலை இரண்டும் ஓட்டுக்குள் மாட்டிக்கொண்டு, திறக்க வழியில்லாமல் நின்றன. ஓட்டின் பிளவு வழியாக உள்ளே வெளிறிய பச்சை தெரிந்தது.

பாவாயி ஒன்றைக் கையில் எடுத்தாள். தலை தெரிகிறது, உடம்பு வரவில்லை. இது அவளுக்குத் தெரிந்த இடம். விரல் நுனியில் விளக்கெண்ணெய் தொட்டுக்கொண்டாள். ஓட்டைப் பிடித்து, மெதுவாக, மிக மெதுவாகத்தான் இழுத்தாள். ஓடு வந்தது. இலைகளும் அதோடு வந்தன. மண்ணில் வெறும் தண்டு மட்டும் நின்றது.

வேலாத்தா வந்தபோது பாவாயி அதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

“அன்னிக்கும் இப்படித்தானுங்க அம்மணி. தலை தெரிஞ்சுது, நின்னுபோச்சு. எல்லாரும் என் மூஞ்சியவே பாக்கறாங்க. எத்தனை பேறு பாத்தாச்சு, நமக்குத் தெரியாததான்னு கைய உட்டு இழுத்துப்போட்டன். செத்த நேரம் பொறுத்திருந்தா அதுவே வந்திருக்குமோ என்னமோ. அந்தப் புள்ளையப் பெத்தவ இன்னிக்கும் என்னைய வழியில பாத்தா கும்பிடறா. அதுதானுங்க தாங்க முடியல.”

அவள் தலை கவிழ்ந்து அழுதாள். உங்கள் தப்பில்லை என்று வேலாத்தா சொல்லவில்லை. உங்கள் தப்புத்தான் என்றும் சொல்லவில்லை. அழுது முடியும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் பாவாயி இரண்டு கையையும் முந்தானையில் சுற்றிக்கொண்டு சன்னலுக்கு எதிரே உட்கார்ந்தாள். ஓட்டோடு நின்ற இன்னொரு முளை அவள் முன்னால் இருந்தது. காலை வெயில் ஏறியது.

“என்னக்கா பண்றீங்க?”

“கை வெக்காம இருக்கறனுங்க.”

“அது என்ன பண்ணுது?”

பாவாயி குனிந்து பார்த்தாள். வெயிலில் ஓடு காய்ந்து இறுகியிருந்தது. பிளவு நேற்றைவிடச் சின்னதாகியிருந்தது. உள்ளே பச்சை மஞ்சளாகிக்கொண்டிருந்தது.

“இதும் போயிருமுங்களா?”

“போயிரும்.”

பாவாயி எழுந்தாள். என்ன செய்கிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை. பேறு தடைப்பட்டால் அந்த வீட்டில் மூடியதையெல்லாம் திறந்து, முடிந்ததையெல்லாம் அவிழ்த்துவிடுவது மருத்துவச்சிகளின் வழக்கம், அதைத்தான் செய்தாள். அரிசிப் பானையின் மூடியைத் திறந்தாள். மருந்துப் பெட்டியைத் திறந்தாள். தன் கொண்டையை அவிழ்த்துவிட்டாள். கொடியில் கட்டியிருந்த மூலிகைக் கட்டுகளின் முடிச்சுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தினாள். ஒரு கஞ்சாச் செடிக்காக ஒரு கிழவி வீட்டையே திறந்துவைப்பதைப் பார்த்தால் வேறு யாருக்கும் சிரிப்பு வந்திருக்கும். வேலாத்தா சிரிக்கவில்லை. எழுந்துபோய்ப் பின்கதவின் தாழ்ப்பாளைத் தானே நீக்கிவிட்டு வந்தாள்.

பிறகு விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்கை உருவி, வெதுவெதுப்பான தண்ணீரில் தோய்த்துப் பாவாயி கையில் கொடுத்தாள்.

பாவாயி ஒரு துளியை ஓட்டின் மேல் விட்டாள். ஓடு அதைக் குடித்தது. அவள் காத்திருந்தாள். ஓடு காய்ந்து நிறம் வெளுத்ததும் இன்னொரு துளி விட்டாள். ஒரு தடவை துளி பெரிதாகித் தண்டில் வழிந்தது. அடுத்த துளிக்கு அதிக நேரம் பொறுத்தாள். வேலாத்தா சோறாக்கினாள், கூப்பிட்டாள், பாவாயி சாப்பிட வரவில்லை. சன்னல் வெயில் நகர்ந்தபோது கொட்டாங்குச்சியையும் கூடவே நகர்த்தினாள்.

வெயில் சாயும்போது ஓடு அசைந்தது.

பிளவு விரிந்தது. உள்ளிருந்து இரண்டு இலைகளும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு விலகின, அவ்வளவு மெல்ல, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும். ஓடு ஓர் இலை நுனியில் தொங்கியது. அப்புறம் உதிர்ந்தது. கசங்கியிருந்த இரண்டு இலைகளும் வெளிச்சத்தில் நிமிர்ந்து விரிந்தன. அந்த நேரத்தில் உலகத்தில் அதைத் தவிர வேறொன்றும் நடக்கவில்லை என்று அவளுக்குத் தோன்றியது. முப்பது வருடமாகத் தான் எதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம் என்று நினைத்தபோது பயமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது.

வாசலில் யாரோ இரைக்க இரைக்க வந்து நின்றார்கள். வஞ்சியின் புருஷன் சென்னியப்பன்.

“அத்தை, வஞ்சிக்கு நோவு கண்டிருச்சுங்க. நாளிருக்குதுன்னு சொன்னீங்களே, இன்னிக்கே ஆரம்பிச்சிருச்சு. ஆத்தா வராம முடியாதுங்கறா. உங்களக் கையோட கூட்டிட்டு வரச் சொன்னா.”

பாவாயி எழுந்தாள். கையைக் கழுவி, நகத்தைப் பார்த்தாள், சேலையை இழுத்துச் செருகினாள். படி இறங்கிய பிறகு திரும்பி நின்றாள்.

“போய்ட்டு வர்றனுங்க அம்மணி.”

“போய்ட்டு வாங்கக்கா.”

“வந்தன்னிக்குக் கேட்டதுக்கு நீங்க இன்னும் பதிலே சொல்லலீங்களே. எப்பக் கை வெக்கறதுன்னு எனக்கு இப்பவும் தெரியாதுங்க. தெரியாமத்தானுங்க போறேன்.”

வேலாத்தா கொட்டாங்குச்சியைத் தூக்கிக் கனம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“போன பேறு பாக்கப் போனப்ப, தெரியும்னுதானக்கா போனீங்க?”