கொஞ்சம் ஓரம்

“சைக்கிளை வித்துடப் போறேம்மா” என்றார் ஏகாம்பரம்.

பூங்கோதையம்மா கண்ணைத் திறக்கவில்லை.

ஞானம் வேண்டுமென்றால் மலை ஏற வேண்டும் என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். மேற்கு மாம்பலத்தில் மூன்று மாடி ஏறினால் போதும். மொட்டை மாடியில் ஒரு தகரக் கொட்டகை, அதில் ஒரு ஜமுக்காளம், அதன் மேல் பூங்கோதையம்மா. அவருக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. தலை நரைத்தவர்களும் அம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். லிஃப்ட் கிடையாது.

ஏகாம்பரத்துக்கு அறுபது நெருங்குகிறது. அவர் மனைவி வீட்டில் இட்லி மாவு அரைப்பாள். அவர் அதைக் கேனில் ஊற்றி, சைக்கிள் கேரியரில் கட்டி, ரயில்வே சப்வேக்கு அந்தப் பக்கம் இருக்கிற அடுக்குமாடி வீடுகளுக்குக் காலையும் மாலையும் கொண்டுபோய் விற்பார். குடும்பம் அந்த மாவில்தான் ஓடுகிறது. சைக்கிள் போய்விட்டால் மாவு வீட்டிலேயே புளித்துக் கிடக்கும். மொபெட் வாங்க வழியில்லை. இதெல்லாம் தெரிந்த மனிதர்தான் விற்கப் போகிறேன் என்றார். அவ்வளவு பயந்துபோயிருந்தார்.

முழங்கையில் தோல் உரிந்திருந்தது. காலையில் சப்வேக்குள் பின்னால் வந்த கார் ஹாரன் அடித்திருக்கிறது. ஒதுங்கியிருக்கிறார். இன்னும் அடித்திருக்கிறது. இன்னும் ஒதுங்கியிருக்கிறார். கார் உரசிக்கொண்டு போனதில் சுவரில் இடித்து, கேனோடு விழுந்தார்.

“கார்க்காரர் என்ன சொன்னார்?” என்று கேட்டார் அம்மா.

“ஓரமா போய்யான்னாரு.”

“போனீங்களா?”

“அதுக்கு மேல ஓரம் போவணும்னா சொவத்துக்குள்ளதான் போவணும்.”

ஓரம் என்று ரோட்டில் ஓர் இடம் இருப்பதாகக் காரில் போகிறவர்கள் எல்லாரும் நம்புகிறார்கள். அங்கே போய்ப் பார்த்தால்தான் தெரியும். மணல், உடைந்த பாட்டில், பாதி திறந்த சாக்கடை மூடி, யாரோ நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போன ஆட்டோ. நடுவில் இருக்கக் கூடாதென்று ஒதுக்கித் தள்ளிய எல்லாம் சேருகிற இடத்துக்குத்தான் ஓரம் என்று பெயர்.

அன்றைக்கு மழை வருவதுபோல் இருந்ததால் ஏகாம்பரத்தைத் தவிர ஒரே ஒருவர்தான் வந்திருந்தார். வேதமூர்த்தி. ஒரு கம்பெனியில் மேனேஜர். மனசு அமைதியாக இருக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதால் இங்கே வருகிறவர். இவ்வளவு நேரம் பேச்சைக் காதில் வாங்காமல் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். சைக்கிள் என்ற வார்த்தை மட்டும் எப்படியோ விழுந்துவிட்டது.

சைக்கிள்காரர்களால்தான் தனக்கு ரத்தக் கொதிப்பே வருகிறது என்று ஆரம்பித்தார். கண்ணாடி கிடையாது, விளக்கு கிடையாது, நினைத்த பக்கம் வளைகிறார்கள். அதில் பொய் ஒன்றும் இல்லை. அதோடு நிறுத்தியிருக்கலாம்.

“இன்னைக்குக் காலையில பாருங்க. சப்வேக்குள்ள ஒருத்தன் கேனைக் கட்டிக்கிட்டு ஆமை மாதிரி போறான். ஹாரன் அடிச்சு அடிச்சு ஒதுக்கிட்டு வர்றதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடுச்சு.”

ஏகாம்பரம் எழுந்து நின்றார். பயமெல்லாம் போய்விட்டது. கை முஷ்டியாகியிருந்தது.

“ஏகாம்பரம்” என்றார் அம்மா. “சாயங்காலத்து மாவுக் கேன் எங்க?”

“கீழ. சைக்கிள்ல.”

“நாய் வாய் வச்சிடும். மேல கொண்டாங்க.”

அவர் நின்றுகொண்டே இருந்தார். அம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். முஷ்டி பிரிந்தது. இறங்கிப் போனார்.

“வேதமூர்த்தி, நீங்களும் போய் வாசல்ல இருக்கிற பால் பாக்கெட்டை எடுத்துட்டு வாங்க. சீக்கிரம் வரணும்.”

பழைய வீடு. ஒருவர் ஏறுகிற படி. ஒன்றரை ஆள் என்று வேண்டுமானால் சொல்லலாம். அந்த அரை ஆள் இடத்தில்தான் வம்பெல்லாம்.

ஏகாம்பரம் கேனைத் தூக்கிக்கொண்டு முன்னால் ஏறினார். பின்னால் செருப்புச் சத்தம் கேட்டதுமே உடம்பு தானாகச் சுவரோடு ஒட்டிக்கொண்டது. எத்தனையோ வருஷத்துப் பழக்கம். ஒதுங்கினால் வழி இருக்கிறது என்று பின்னால் வருகிறவருக்குத் தோன்றும். வேதமூர்த்திக்கும் தோன்றியது.

“கொஞ்சம் ஓரம்” என்று சொல்லிக்கொண்டே அவர் நுழைந்தார். தோள் இடித்தது. கேன் சாய்ந்தது. மாவு படிப்படியாக இறங்கியது. பாதி வேதமூர்த்தியின் பேண்ட்டில்.

அம்மா மேல்படியில் வந்து நின்றார். மாவைப் பார்த்தபோது அவருக்கும் முகம் சுருங்கிவிட்டது. ஒரு பெண்பிள்ளை காலையிலிருந்து அரைத்த மாவு அது.

“படியைக் கழுவணும். ரெண்டு பேரும் கீழ போய் ஆளுக்கொரு வாளி தண்ணி கொண்டாங்க. ஏகாம்பரம் முன்னால வரட்டும்.” ஏகாம்பரத்தைப் பார்த்துச் சொன்னார்: “இந்தத் தடவை நடுவுல ஏறுங்க.”

“பின்னாடி ஆளு வருவாரேம்மா.”

“வருவாரு.”

ஏகாம்பரம் வாளியோடு படியின் நடுவில் கால் வைத்தார். இடப்பக்கம் கொஞ்சம் இடம், வலப்பக்கம் கொஞ்சம் இடம். எந்தப் பக்கமும் இன்னொருவர் நுழைய முடியாது. ஏதோ தப்புச் செய்வதுபோல அவருக்குக் காது சூடேறியது.

“ஹலோ, கொஞ்சம் ஓரம்” என்றது பின்னால் ஒரு குரல்.

சுவர் கூப்பிட்டது. அவர் போகவில்லை.

“கேக்கலையா?”

கேட்டது. அடுத்த படியில் கால் வைத்தார். நடுவில்தான். மாவு வழுக்கியது, கால்விரலை ஊன்றிக்கொண்டார். அதற்கு அடுத்த படி. பின்னால் ஒரு பெருமூச்சு, ஒரு முணுமுணுப்பு, பிறகு செருப்புச் சத்தம் மட்டும். முன்னால் இருப்பவர் வைத்த வேகத்துக்கே அது வந்துகொண்டிருந்தது.

மேலே வந்து சேர்ந்தார்கள். தண்ணீர் ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை.

“லேட்டாயிடுச்சா?” என்று அம்மா வேதமூர்த்தியைக் கேட்டார்.

அவர் வாளியை வைத்தார். அமைதிக்காக வந்தவனைத் தண்ணி தூக்க வைக்கிறார்கள் என்று தனக்குள் சொல்லிக்கொண்டு, பேண்ட்டைத் தட்டிவிட்டுக்கொண்டு இறங்கிப் போனார். பால் பாக்கெட் அவர் கையோடு போய்விட்டது.

அம்மாவும் ஏகாம்பரமும் படியைக் கழுவினார்கள்.

மறுநாள் சாயங்காலம் வேதமூர்த்தி வரவில்லை. ஏகாம்பரம் வந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அம்மா தண்ணீர் கொடுத்தார். குடித்து முடிக்கும்வரை காத்திருந்தார்.

“சப்வே முடியற வரைக்கும் ஹாரன் நிக்கவே இல்லம்மா.”

“நீங்க?”

“நானும் நிக்கல.”