வெளியே இருந்த தாழ்ப்பாள்

டொக்... டொக்... டொக்.

இருட்டிவிட்டால் போதும், ஆளில்லாத அந்த அரண்மனை வீட்டுக்குள்ளிருந்து இந்தச் சத்தம் வரும். ஊரார் காதைப் பொத்திக்கொண்டு ஓடுவார்கள். பூவாயி மட்டும் ஓடவில்லை. விடிந்தால் அவள் இந்த வீட்டுக்கு விலை சொல்ல வேண்டும்.

ஏனென்றா கேட்கிறீர்கள்? வெகு காலத்துக்கு முன்னே மேழிநாட்டை மின்னல்வேந்தன் என்றொரு ராஜா ஆண்டான். காலையில் ஒரு புத்தி, மாலையில் ஒரு புத்தி. மாட்டுச் சந்தையில் தரகர்கள் துண்டுக்குள் கைவிட்டு, விரலைப் பிடித்து விலை பேசுவதைப் பார்த்தான். பிடித்துக்கொண்டது ஆசை.

"அந்த வீட்டையும் இப்படியே விற்பேன்! விரலுக்குப் பத்து வராகன். ஒரே பிடிதான். சரியான விலையைவிடக் குறைத்துக் கேட்டால் எனக்கு அவமானம், நாடு கடத்துவேன். கூட்டிக் கேட்டால் முட்டாள், காசைப் பிடுங்கிக்கொண்டு விரட்டுவேன்!" என்று தண்டோரா போட்டுவிட்டான்.

பூவாயியின் புருஷன் போருக்குப் போனவன், திரும்பவில்லை. இடுப்பில் கைக்குழந்தை, முந்தானை முடிச்சில் ஒரே ஒரு வராகன். சத்திரத்தில் மூன்று நாள்தான் தங்கலாம். நாளையோடு சரி.

அவள் மாட்டுத் தரகர் மகள். தொட்டுப் பார்க்காமல் விலை சொல்ல மாட்டாள். இருட்டில் அந்த வீட்டின் வெளித்தாழ்ப்பாளை மெல்ல நீக்கினாள். சத்தம் நின்றது. துண்டுக்குள் கைவிடுவதுபோல, கதவிடுக்கில் கையை விட்டுத் தடவினாள். உள்தாழ்ப்பாள் இருக்க வேண்டிய இடத்தில் ஆணி பிடுங்கிய ஓட்டைகள். மார்பு உயரத்தில் நகக் கீறல்கள். குனிந்து தடவினாள். முழங்கால் உயரத்திலும் கீறல்கள், சின்னச் சின்னதாக.

அப்போது சில்லென்று ஏதோ அவள் சுண்டுவிரல் நகத்தைப் பிடித்தது.

பூவாயி கையை உருவிக்கொண்டு கதவைச் சாத்தினாள். பயத்தில் அவளும் வெளியே தாழிட்டுவிட்டாள். முதுகுக்குப் பின்னால் மறுபடியும் டொக்... டொக்.

மறுநாள் சபையில் முதலில் வந்தவர் மாளிகை மணியகாரர் நாகலிங்கம். பத்து வருஷம் அந்த வீட்டில் குடியிருந்தவர். பெண்டாட்டி பிள்ளையோடு தாய்வீடு போய்விட்டாள் என்று சொல்லி, வீட்டைக் காலி செய்தவர். துண்டுக்குள் ராஜாவின் ஒரு விரலைப் பிடித்தார்.

"பேய் வீடு மகாராஜா. இதற்கு மேல் யார் தருவார்?"

"ஒரு விரலா? அப்படி உட்காரும். இவளையும் பார்த்துவிட்டு உம்மை நாடு கடத்துகிறேன். வாம்மா!"

பூவாயி துண்டுக்குள் கைவிட்டாள். ராஜா துள்ளினான்.

"நகத்தையா பிடிக்கிறாய்? அது என்ன விலை?"

"சந்தைக் கணக்கில் நகம் ஒரு வராகன், மகாராஜா. உள்ளே ஒரு தாழ்ப்பாள் போடுகிற செலவு."

சபை சிரித்தது. நாகலிங்கம் எல்லாரையும்விட உரக்கச் சிரித்தார். "கேட்டீர்களா! பிச்சைக்காரிக்கு மாளிகை கேட்கிறது!"

"ஐயா, நீங்கள் குடியிருந்த வீட்டில் தாழ்ப்பாள் வெளியே மட்டும் இருக்கிறதே, ஏன்?"

"திருடனுக்குப் பயந்துதான்!"

"திருடனுக்குப் பயந்தவர் உள்தாழ்ப்பாளை ஏன் பிடுங்கினீர்கள்?"

"அடிப் பைத்தியமே! உள்ளே தாழ்போட்டுக்கொண்டு அவள் எனக்குக் கதவைத் திறக்க மறுத்தால், அப்புறம்..."

நாக்கைக் கடித்துக்கொண்டார். சபையில் சிரிப்பு செத்துப்போயிற்று.

"எவள்?" என்றான் ராஜா மெதுவாக. "தாய்வீடு போனவளா?"

நாகலிங்கம் எழுந்து வாசல் பக்கம் நகர்ந்தார்.

"கதவின் பின்பக்கம் நகக் கீறல் இருக்கிறது, மகாராஜா. இரண்டு உயரத்தில்," என்றாள் பூவாயி. "நான் தர வேண்டியது தாழ்ப்பாள் காசுதான். மீதி விலையை உள்ளே இருந்தவர்கள் உயிராகவே கொடுத்துவிட்டார்கள்."

ராஜா துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டான். "சரியான விலை. வீடு உனக்கு. அந்த வெளித்தாழ்ப்பாளைக் கழற்றி, இவன் கிடக்கப்போகிற சிறைக்கதவில் அடியுங்கள்!"

அன்று சாயங்காலமே தச்சன் உள்ளே புதுத்தாழ்ப்பாள் போட்டான். இருட்டியதும் பூவாயியின் கைக்கெட்டும் தூரத்தில் கதவு தட்டப்பட்டது. உள்பக்கம்.

டொக்... டொக்.

எழுந்துபோய்க் கதவை அகலத் திறந்தாள்.

"போங்கம்மா. நேற்று நானும் பூட்டிவிட்டேன், மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள்."

குளிர்ந்த காற்று ஒன்று தோளை உரசிப் போனது. பின்னாலேயே இன்னொன்று, முழங்காலை உரசிக்கொண்டு. இடுப்பிலிருந்த குழந்தை கழுத்தைத் திருப்பி, வெறுந்தெருவைப் பார்த்துக் கையாட்டியது.

தெருமுனை வரை அது கையாட்டி முடிக்கட்டும் என்று பூவாயி காத்திருந்தாள். பிறகு கதவைச் சாத்தி, உள்ளே தாழ்ப்பாள் போட்டாள்.