மல்லிகையைக் காயப்போட்ட மார்கழி

தென்காசிப் பக்கம் ஒரு சின்ன மடம். அதற்குத் தலைவி மரகதம்மை, வயது நாற்பத்திரண்டு. அங்கே தோட்டத்தைப் பார்த்துக்கொண்ட சீடர் நல்லபெருமாள், விருப்ப ஓய்வு பெற்ற தபால்காரர், வயது அறுபத்தாறு. குருவைவிடச் சீடருக்கு வயது கூடுதலா என்று சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம். மடத்தில் யாரும் சிரிக்கவில்லை. நல்லபெருமாள் குருவை ‘அம்மா’ என்பார். குரு அவரை ‘அண்ணாச்சி’ என்பார். அந்த ஊர்ப் பேச்சு அப்படி.

தோட்டம் லேசுப்பட்டதில்லை. முன்னால் புல்தரை, கிணற்றடியில் எலுமிச்சை, வேலியோரம் முருங்கை, நடுவில் நாற்பது மல்லிகைச் செடி. சித்திரையில் புல்தரைக்கு இரண்டு வேளையும் தண்ணீர் காட்ட வேண்டும். ஆடிக்காற்று முறித்துப் போடுவதற்குள் முருங்கைக் கிளையைக் கழித்துவிட வேண்டும். ஐப்பசியில் தேங்கின மழையை வடிக்க வேண்டும். கார்த்திகை முழுக்கக் களை. அப்பப்பா, இதற்கு ஒரு முடிவே கிடையாது! ஒன்பது வருஷமாய் ஒற்றை ஆளாய் ஓடி ஓடி மனுஷன் சக்கையாய்ப் போயிருந்தார்.

மார்கழி பிறந்தால் மல்லிகைக்கு மட்டும் வேறு முறை. இரண்டு வாரம் தண்ணீரை நிறுத்திவிட வேண்டும். செடி வாடும், இலை பழுத்துக் கொட்டும். அப்புறம் முழங்கால் உயரத்துக்குக் கவாத்து வெட்டி, எருப் போட்டுத் தண்ணீர் விட்டால் பங்குனியில் மொட்டுப் பிடிக்கும். காயப்போடாத செடி இலையாய்த் தள்ளுமே தவிரப் பூக்காது.

போன பங்குனியில் அதுதான் நடந்தது. செடியெல்லாம் கொழுகொழுவென்று நின்றது. சாமிக்குச் சாத்த ஒரு முழம் தேறவில்லை. மண் வாகு சரியில்லை போலிருக்கு என்று நல்லபெருமாள் சொன்னார். பச்சைப்பொய்.

இந்த மார்கழியிலும் அதே கதை. தண்ணீர் நிறுத்தி எட்டாம் நாள் மத்தியானம், மடத்தில் எல்லாரும் சாப்பிட்டுக் கண்ணயர்ந்திருந்தார்கள். நல்லபெருமாள் மட்டும் குடத்தைத் தூக்கிக்கொண்டு மல்லிகைப் பக்கம் நடந்தார். இரண்டு வரிசைக்கு ஊற்றினார். மூன்றாவது வரிசையில் கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. குடம் உருண்டது. அவரும் செடிகளுக்கு நடுவில் சரிந்து உட்கார்ந்துவிட்டார்.

சத்தம் கேட்டு மரகதம்மை வந்தார். குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். பிறகு செடியடியில் கிடந்த சருகை விலக்கி மண்ணைத் தொட்டுப் பார்த்தார்.

“ஈரமா இருக்கே, அண்ணாச்சி.”

“ஆமாம்மா.”

“போன வருஷமும்?”

“ஆமா. போன வருஷமும் நாந்தான்.” நல்லபெருமாளுக்கு வெட்கமாக இருந்தது. “இலை தொங்குது. பாத்துக்கிட்டுச் சும்மா இருக்க முடியலம்மா. என்னால இனி ஏலாது. என்னை அனுப்பி வச்சிருங்க. மகன் வீட்டோட போயிருதேன்.”

“அங்க போயி?”

“படுத்துக் கிடப்பேன். உடம்பு கெஞ்சுது.”

“படுப்பீங்களா?”

நல்லபெருமாள் உருண்டு கிடந்த குடத்தை நிமிர்த்தி வைத்தார்.

“நேத்து மத்தியானம் என்ன செஞ்சீங்க?”

“எலுமிச்சையைச் சுத்திக் கொத்திவிட்டேன்.”

“முந்தாநாள்?”

“புல்தரையில கோரை புடுங்கினேன்.”

“எல்லாரும் படுக்குற நேரம். நீங்க ஒருநாளும் படுத்து நான் பாத்ததில்லையே.”

நல்லபெருமாள் வேட்டியில் ஒட்டியிருந்த சேற்றைச் சுரண்டினார். சுரண்டிக்கொண்டே இருந்தார். அப்புறம் குனிந்த தலை நிமிராமல் பேசினார்.

“என் வீட்டுக்காரி சொர்ணம் வாதம் வந்து ஆறு வருஷம் கட்டில்ல கிடந்தா. ராவும் பகலும் நாந்தான் பாத்தேன். ஒரு முகச்சுளிப்பு கிடையாது, கேட்டுக்கோங்க. ஒருநாள் மத்தியானம் கஞ்சி புகட்டிட்டு, கட்டிலுக்குக் கீழயே துண்டை விரிச்சுப் படுத்தேன். அரை மணி நேரம் இருக்கும். முழிச்சுக் கையைத் தொட்டா, சில்லுனு இருக்கு.”

மரகதம்மை அவர் பக்கத்தில் சருகின்மேல் உட்கார்ந்தார்.

“பத்து வருஷமாச்சு. பகல்ல படுத்ததில்ல. ராத்திரியிலயும் கோழித்தூக்கந்தான். கண்ணை மூடினா யாருக்காவது ஏதாவது ஆயிரும்னு நெஞ்சு அடிச்சுக்குது. அம்மா, நீங்க நெறைய படிச்சவங்க. ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. நான் முழிச்சிருந்தா அவ போயிருக்க மாட்டாள்லா?”

இப்படிக் கேட்டால் யாராயிருந்தாலும் ஆறுதலாய் நாலு வார்த்தை சொல்லியிருப்பார்கள். மரகதம்மை சொல்லவில்லை. எழுந்து உள்ளே போனார். அவ்வளவுதானா என்று நல்லபெருமாளுக்கு மனம் விட்டுப்போயிற்று. கிழவன் புலம்பலைக் கேட்க யாருக்குப் பொறுமை இருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

ஆனால் மரகதம்மை திரும்பி வந்தார். கையில் ஒரு பாயும் தலையணையும் இருந்தன. வேப்பமரத்து நிழலில் பாயை உதறி விரித்தார். பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துகொண்டார்.

“வாங்க. படுங்க.”

“இப்பவா?”

“இப்பத்தான்.”

“மூணாவது வரிசைக்கு இன்னும் ஊத்தலையே.”

“ஊத்த வேண்டாம்.”

“நீங்களாவது…”

“நானும் ஊத்த மாட்டேன்.”

நல்லபெருமாள் தயங்கித் தயங்கி வந்து பாயின் ஓரத்தில் உட்கார்ந்தார். எங்கேயோ தப்புச் செய்ய வந்தவர் மாதிரி நாலு பக்கமும் பார்த்தார். முதுகைச் சாய்த்தார். உடம்பில் உள்ள ஒவ்வொரு எலும்பும் ‘அம்மாடி’ என்றது. ஆனாலும் கண்ணை மூடப் பயம். மேலே வேப்பிலை ஆடுவதையே பார்த்துக்கொண்டு கிடந்தார்.

“அரை மணியில எழுப்பி விட்டுருதீங்களா?”

“மாட்டேன்.”

“நடுவுல ஏதாவது ஆச்சுன்னா?”

“ஆனா ஆகட்டும்.”

இமை தானாக இறங்கியது. அவர் முக்கி முக்கி அதை மேலே தூக்கினார். கையை நீட்டி, குருவின் சேலை நுனியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். குரல் குழறியது.

“அம்மா, நான் முழிச்சுப் பாக்கும்போது நீங்க இங்க இருப்பீங்கள்லா?”

மரகதம்மை சேலை நுனியை அவர் கையிலேயே விட்டுவிட்டார்.

“அதை நான் சொல்ல முடியாது, அண்ணாச்சி. நீங்க முழிச்சிருந்தாலும் சொல்ல முடியாது. நீங்க தூங்குங்க.”